ஐஸ் பெட்டியில் வந்த பேட்டரிகள்

வேலையில் சேர்ந்த முதல் வாரமே குடோனில் புகை வந்தது. செல்போன் கடைகளில் ஒதுக்கிப் போட்ட லித்தியம் பேட்டரிகளைச் சேகரித்து, வெளிமாநில ஆலைக்கு அனுப்பும் வேலை எனக்கு. அங்கே அவற்றை எரிக்காமல் பொடியாக்கி லித்தியம், கோபால்ட் எல்லாம் பிரித்தெடுப்பார்கள். நான் மொத்தத்தையும் ஒரே சாக்கில் கட்டிவைத்துவிட்டேன். பழைய பேட்டரியிலும் கொஞ்சம் சார்ஜ் மிச்சமிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகிவிட்டது. மணலைக் கொட்டி அணைத்தோம். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இருக்காது என்று மேனேஜர் செல்வராஜ் சொல்லிவிட்டார்.

அந்தப் பயத்தில், குளச்சலில் பேட்டரி வாங்கப் போன இடத்திலெல்லாம் சூடாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தேன். மீன் விற்கும் பிலோமினா அக்காவும் அதைக் கேட்டார். வளைகுடாவிலிருந்து வந்த பழைய போன்கள் அவர் தெருவில் வீட்டுக்கு வீடு கிடந்தன. அவற்றின் பேட்டரிகளைச் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்.

நாலு நாள் கழித்து ஆட்டோவில் ஒரு மீன் பெட்டியோடு குடோனுக்கே வந்துவிட்டார். திறந்தால் ஐஸ், உப்பு, நடுவே நூறு பேட்டரியாவது இருக்கும். குடோன் முழுக்கச் சாளை மீன் வாடை.

"என்னவே இது, பேட்டரியா கருவாடா?" என்று செல்வராஜ் மூக்கைப் பொத்தினார்.

அக்கா அசரவில்லை. "சூடாவக் கூடாதுன்னு இவன்தான் சொன்னான். உருக உருக ஐஸ் மாத்தினேன். மீனுக்குக்கூட நான் இம்புட்டு பாடுபட்டதில்ல."

என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடும் முடிவோடு செல்வராஜ் மீட்டரை எடுத்து ஒரு பேட்டரியில் வைத்தார். சார்ஜ் இல்லை. அடுத்ததிலும் இல்லை. பத்துப் பதினைந்து பார்த்தும் அதே கதைதான். உப்புத்தண்ணீர் மிச்ச சார்ஜை மெல்ல இறக்கிவிட்டிருந்தது. ஷார்ட் ஆகவும் புகையவும் அவற்றில் எதுவும் மீதியில்லை.

ஆலையில் கேட்டுக்கொண்டு நாங்களும் பிளாஸ்டிக் டிரம்மில் உப்புக் கரைசல் வைத்தோம். அழுக்கான தண்ணீரை ஓடையில் விடாமல் கேனில் அடைத்து ஆலைக்கே அனுப்பினோம். வீங்கிப்போன பேட்டரிகளை மட்டும் தனியே மணலில் வைத்தோம். தலைமை அலுவலகத்துக்கு எழுதிய ரிப்போர்ட்டில் செல்வராஜ் இந்த உப்புத்தண்ணீர் முறைக்கு 'சலைன் டிஸ்சார்ஜ்' என்று பெயர் போட்டார். அக்காவிடம் சொன்னேன்.

"உப்பு போட்டதுக்கு இத்தன பெரிய பேரா மக்கா?" என்றார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எச்சரிக்கையை முழுதாகச் சொல்லுங்கள். பாதியில் விட்டால் மீதியை மக்கள் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்ததைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் மீட்டரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.