உள்ள ஆள் கீது

கேமராவைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அதன் மேலிருக்கும் குமிழை இரண்டு விரலால் மெல்லத் திருகுகிறார் உபைதுல்லா. குமிழ் லொடலொடவென்று சுற்றினால் உள்ளே ஒன்றுமில்லை. இழுத்துப் பிடித்தால், யாரோ பாதி எடுத்துவிட்டு மறந்துபோன பிலிம் ரோல் இருக்கிறது. அப்போது அவர் குரல் தாழ்ந்துவிடும். ஆணி வாங்க வந்தவரிடம்கூட, "சத்தம் போடாத நைனா, உள்ள ஆள் கீது" என்பார்.

உத்திரமேரூர் பஜாரில் கயிறும் கப்பியும் ஆணியும் விற்கும் கடை அவருடையது. ஆணி டப்பாக்களுக்குப் பின்னால் ஓர் அலமாரி. அதில் இருபத்து மூன்று பழைய கேமராக்கள். பழைய இரும்பு எடுக்கும் சடையப்பன் வாசலில் சைக்கிள் மணியை மூன்று தரம் அடித்தால், கேமரா வந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே தராசில் ஆணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

"பாய், அரைக் கிலோ கேட்டனே!"

"நீயே அள்ளிப் போட்டுக்கோ. நான் இன்னா பாக்கவா போறேன்?"

கல்யாண வீடுகளில் டிஜிட்டல் கேமரா தலைகாட்டத் தொடங்கிவிட்ட இந்தக் காலத்திலும் மாதம் ஒரு ரோல் வாங்கிப் போடுகிறார். ஒவ்வொரு கேமராவும் அவருக்கு ஓர் ஆள். "இது தும்மிக்கினே படம் எடுக்கும். அது வெத்தல கடிக்கும். இவன் கீறானே, கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் எடுப்பான்." வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். சாலவாக்கம் பஸ்ஸுக்கு முண்டியடிக்கிறவர்களை எடுப்பார். யாரையும் சிரிக்கச் சொல்லமாட்டார்.

மனைவி சுரையாவுக்கு இதெல்லாம் பேஜார். "எனக்குக் கண்ணு ரெண்டு. உங்க அலமாரிக்கு இருவத்தி மூணு. எல்லாம் என்னையே மொறைச்சிக்கினு கீது" என்பாள். ஆனால் வெளிச்சம் படாமல் பிலிமைக் கழுவும் டப்பாவுக்குள் மாற்றுவதற்கு, குடைத் துணியை இரண்டு மடிப்பாக வைத்துக் கை நுழைக்கிற பை தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, அந்தக் கறுப்புப் பைக்குள் முழங்கைவரை விட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்.

இந்த வியாபாரத்தில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். "டப்பா என்னுது. உள்ள கீற ஆளுங்க அவுங்களுது." படங்களைப் பிரிண்ட் போட்டு, கேமராவை விற்ற வீட்டைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

சென்ற தை மாதம் சடையப்பனின் மணி மூன்று தரம் அடித்தது. தோல் உறைக்குள் ஒரு ஜெர்மன் கேமரா. ஒன்பது வருடமாகத் தேடியது. சந்தோஷத்தில் உபைதுல்லாவின் கை குமிழுக்குப் போகவில்லை. லென்ஸ் வழியே வெளிச்சம் பார்க்கிற அவசரத்தில் நேரே பின்மூடியைத் திறந்துவிட்டது. உள்ளே பிலிம். படக்கென்று மூடினார். ஒரு நொடிதான். வாசல் வெயிலுக்கு அது போதும்.

கழுவிப் பார்த்தபோது, சுருளின் அடியில் இருந்த, முதலில் எடுத்த பதினோரு படங்கள் தப்பியிருந்தன. மீதி கரிந்துபோயிருந்தது. தப்பியவை அத்தனையிலும் ஒரே பெண். அத்தனையிலும் கையை உயர்த்தி முகத்தை மறைத்திருந்தாள். மாவுக் கை, ஈரக் கை, அரிவாள் பிடித்த கை. பதினோராவது படத்தில் மட்டும் அந்தக் கை மோவாய்வரை இறங்கியிருந்தது. முகம் வெளிவர இன்னும் நாலு விரல் தூரம்தான். அடுத்த படம் இல்லை.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "போவாட்டி இன்னா? அவுங்களுக்கா தெரியப்போவுது, உள்ள ரோல் இருந்திச்சின்னு?" என்றாள் சுரையா. உபைதுல்லா செருப்பை மாட்டினார்.

பக்கத்தில் பெருநகர் என்ற ஊரில் அந்த வீடு. கேமராவைச் சடையப்பனிடம் போட்டவள் ஆதிலட்சுமி. புருஷன் பெருமாள் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நாலைந்து படம் எடுப்பார். இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினோராவதில் நின்றாள்.

"மீதி எங்க பாய்?"

"எரிஞ்சி போச்சிம்மா. பாக்காம தொறந்துட்டேன். நான்தான். வேற யாரும் இல்ல." பிறகு அந்தப் படத்தைச் சுட்டினார். "இதுக்கு அப்பால உங்க மொகம் இருந்திருக்கும்."

ஆதிலட்சுமி முந்தானையால் படத்தைத் துடைத்தாள். அதில் தூசு எதுவும் இல்லை.

"கைய எட்றி, கைய எட்றின்னு கத்திக்கினே கீப்பாரு. மாவும் கையுமா கீறசொல்ல எவளாவது மூஞ்ச காட்டுவாளா?" என்றாள். "அன்னிக்கி மூக்கு அரிச்சிது பாய். சொறிஞ்சிக்கினு மறுபடி மூடிக்கினேன். நீ எரிச்சது எல்லாம் வெறும் கைதான். வுடு."

அதைச் சொல்லும்போது அவள் அவரைப் பார்க்கவில்லை. அது நிஜமா, தன்னைத் தேற்றுவதற்கா என்று உபைதுல்லாவுக்குத் தெரியவில்லை. தோளில் தொங்கிய ஜெர்மன் கேமராவைக் கழற்றி நீட்டினார். "புது ரோல் போட்டு வெச்சிக்கீறேன். உக்காருங்கம்மா, ஒண்ணு எடுக்கறேன்."

"என்னிய எடுத்ததெல்லாம் போதும்" என்று கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ போயி அங்க நில்லு. எங்க அமுக்கணும்?"

பொத்தானைக் காட்டிவிட்டு, முருங்கை மரத்தடியில் போய் நின்றார். இந்த ஜெர்மன்காரனையும் சேர்த்து இருபத்து நான்கு கேமராவுக்குச் சொந்தக்காரரை இதுவரை ஒரு கேமராவும் பார்த்ததில்லை. ஆதிலட்சுமி ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்தாள். அவருடைய வலக்கை தானாக எழுந்து முகத்தை மறைத்தது.

"கைய எடு பாய்!"

கை மெல்ல இறங்கி, மோவாயில் வந்து நின்றது.