மானுக்குக் கோவா விதைத்த வருடம்

சுடுவதற்கு முன்னர் மானுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போடவேண்டும் என்று கண்டுபிடித்தவர்கள் சுவிஸ்காரர்கள். அந்தச் சாப்பாட்டை விதைக்க அவர்களுக்கு அகப்பட்டவர்கள் நாங்கள். எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்து ஹோட்டல் குசினியில் சட்டி கழுவியவர்களே, ஆஸ்பத்திரித் தாழ்வாரம் துடைத்தவர்களே, உங்கள் கதைகளை நிறையக் கேட்டுவிட்டேன். உங்கள் தலைக்கு மேல் கூரையாவது இருந்தது. எனக்கு மேலே இருந்தது வானம், அதுவும் புத்தி பேதலித்த வானம்.

நான் யாழ்ப்பாணத்தில் தட்டெழுத்துச் சொல்லிக் கொடுத்தவன். செருப்பில் ஒட்டிய மண்ணைத் தவிர வேறு மண் எனக்குத் தெரியாது. என்னோடு வேலைக்கு வந்தவர் சின்னராசா அண்ணை. வன்னியில் கச்சான் கடலை போட்டவர், சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரன் அகதி முகாமில் எனக்கு மேல் தட்டுக் கட்டிலில் படுத்தவர். எங்களை எடுத்தவன் ரூடி. ஷ்லீரனுக்கு மேலே காட்டோரத்தில் மாடு வளர்த்த கமக்காரன். அந்தக் காட்டில் வேட்டையாடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்த சங்கம் ஒன்று, அவனுடைய சரிவுக் காணியில் மான்களுக்கென்று ஒரு துண்டு விதைத்துத் தரும்படி கேட்டிருந்தது. மான்கள் காட்டின் இளமரங்களைக் கடிக்காமல் அங்கே வந்து மேயுமாம். மேய வந்ததைப் பரணில் இருந்து பார்க்கலாம், வேண்டியபோது சுடலாம். இந்தக் கருணைக்கு அவர்கள் பாஷையில் நீளமான ஒரு பெயர் இருந்தது.

கார்த்திகையில் சங்கத்துக்காரர் வந்து பார்க்கும்போது துண்டு பச்சையாக இருந்தால் குளிர்காலம் முழுக்க எங்களை வைத்திருப்பதாக ரூடி சொல்லியிருந்தான். இல்லையென்றால் திரும்பவும் முகாம். வேலை இருக்கிற அகதிக்கு ஒரு முகமும் வேலை இல்லாத அகதிக்கு இன்னொரு முகமும் காட்டிய அதிகாரிகளை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நான் தனி ஆள், எப்படியோ சமாளிப்பேன். அண்ணைக்கு ஊரில் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் சாப்பிடுவது அந்தத் துண்டு பச்சையாவதில் இருந்தது.

பரோமீட்டரைத் தட்டுகிறவன்

மத்தியானம் ரேடியோவில் வானிலை சொல்லும்போது ரூடியின் வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. கரண்டி பிளேட்டில் பட்டாலும் முறைப்பான். முடிந்ததும் எழும்பிப் போய்ச் சுவரில் தொங்கும் பரோமீட்டரை விரலால் தட்டுவான். பிறகு வாசலில் நின்று மூக்கை உயர்த்திக் காற்றை மணப்பான். மூன்றும் மூன்று விதமாகச் சொல்லும். அவன் நாலாவதாக ஒன்றைச் செய்வான்.

ஆடித் தொடக்கத்தில் ஒரு நாள் ரேடியோ மழை என்றது. பரோமீட்டர் வெயில் என்றது. மூக்கு என்ன சொன்னதோ தெரியாது, மேட்டுப் புல்லையெல்லாம் வெட்டிக் காயப் போடச் சொன்னான். மாடுகளுக்குக் குளிர்காலத்துக்கான தீனி அது. நாலு நாள் விடாமல் கொட்டிய மழையில் புல் கறுத்து நாறிப் போனது. ரேடியோ முதலே சொன்னதுதானே என்று எனக்குத் தெரிந்த ஓட்டை ஜெர்மனில் கேட்டேன். ரூடி என்னைப் பார்க்காமலே சொன்னான்: "ரேடியோ சூரிச்சுக்குச் சொல்லுது. இது என்ர காணி."

பல் டொக்டர் குறித்த நாள்

வேட்டைச் சங்கத்தின் தலைவர் ஒரு பல் டொக்டர். பச்சை உடுப்பு, பச்சைத் தொப்பி, தொப்பியில் ஏதோ ஒரு பறவையின் இறகு. கூட இரண்டு பேரும் தோளில் துவக்குகளுமாக முதல் நாள் ஜீப்பில் வந்து இறங்கினார். அவர்களைக் கண்டதும் சின்னராசா அண்ணை மாட்டுக் கொட்டிலுக்குள் போய் ஒளிந்துகொண்டார். இதை நான் பகிடியாகச் சொல்லவில்லை. நானும் அவருக்குப் பின்னால் இரண்டடி வைத்துவிட்டேன். ஊரில் ஜீப்பில் வந்த பச்சை உடுப்பு ஆமிக்காரரைப் பார்த்து ஓடித்தான் நாங்கள் அவ்வளவு தூரம் வந்திருந்தோம்.

டொக்டர் விதை மூட்டையோடு ஒரு வேட்டைச் சஞ்சிகையும் கொண்டுவந்திருந்தார். கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸ், முள்ளங்கி, க்ளோவர் என்ற தீவனப்புல், இன்னும் பெயர் தெரியாத இலைகள். வாற செவ்வாய் விதைக்கவேண்டும், புதன் மழை வரும் என்றார். நோகாது என்று சொல்லிப் பல்லைப் பிடுங்குகிறவர் அல்லவா, அவ்வளவு உறுதி. செவ்வாய் விதைத்தோம். புதன் வந்தது, மழை வரவில்லை. அடுத்த புதனும் வந்தது. மண் வெடித்தது. காட்டுப் புறாக்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்து விதையைப் பொறுக்கிவிட்டுப் போயின. திரும்ப வந்து மொட்டைக் காணியைப் பார்த்த டொக்டர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துவிட்டுச் சொன்னார்: "என்ர விதையிலை பிழையில்லை. நான் நல்ல கடையிலை வாங்கினது."

வாய்க்காலில் விளைந்தது

இரண்டாம் முறை ரேடியோவைக் கேட்டே விதைத்தோம். ரேடியோ இலேசான தூறல் என்றது. அண்ணை விதைத்துக்கொண்டு போக நான் பின்னால் உருளை இழுத்தேன். பின்னேரம் கை கழுவிக்கொண்டு நிற்கும்போது மலைப்பக்கம் கறுத்தது. இலேசான தூறல் ஆலங்கட்டியோடு வந்தது. காணியோ சரிவு. எங்கள் கண் முன்னாலேயே மண்ணும் விதையும் கரைந்து, கீழே தார் றோட்டோரம் இருந்த வாய்க்காலில் போய்ச் சேர்ந்தன. அண்ணை மழைக்குள் நின்று மண்வெட்டியால் மறிக்கப் பார்த்தார். கொட்டிலுக்குள் வாருங்கள் என்று கத்தினேன், அவர் காதில் விழவில்லை.

சில கிழமையில் அந்த வாய்க்கால் ஒரு மரக்கறித் தோட்டமாகிவிட்டது. கோவா என்ன, முள்ளங்கி என்ன, ஆள் வைத்து நட்டாலும் அப்படி வராது. மேலே எங்கள் துண்டு சவரம் செய்த கன்னம் போல இருந்தது. பிறகு நகரசபையின் றோட்டு ஆள் புல்வெட்டும் மெஷினோடு வந்தான். அதையாவது விட்டுவிட்டால் மான்கள் றோட்டோரத்தில் வந்து சாப்பிடுமே என்று கேட்டேன். மனிதன் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தான். "இந்த வாய்க்காலிலை இவ்வளவு வடிவான கோவா நான் கண்டதில்லை. ஆனா வாய்க்கால் எண்டால் வெட்டத்தான் வேணும்."

சாணிப் பிள்ளையார்

ஆவணி முடிந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு முறைக்குத்தான் விதையும் நாளும் இருந்தன. சின்னராசா அண்ணை இரவில் நித்திரை கொள்வதை விட்டுவிட்டார். நாள் பார்க்காமல், பிள்ளையாரைக் கும்பிடாமல் இரண்டு தரம் விதைத்ததுதான் காரணம் என்றார். ஊரிலிருந்து யாரோ அனுப்பிய கலண்டரை எடுத்து ராகுகாலம் பார்த்தார். அது யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குப் போட்ட கணக்கு, இங்கே செல்லாது என்றேன். சூரியன் எங்கேயும் ஒன்றுதானே என்றார்.

பிள்ளையாரிலும் பிரச்சினை. ரூடியின் மாடுகள் நாள் முழுக்கப் பச்சைப் புல் தின்பவை. அந்தச் சாணியில் பிடித்த பிள்ளையார் இருந்த இடத்தில் இருக்காமல் ஒழுகினார். அண்ணை மரத்தூள் கலந்து பிசைந்து ஒருவாறு அவரை நிமிர்த்தி, அறுகம்புல் கிடைக்காமல் ஏதோ ஒரு சுவிஸ் புல்லைத் தலையில் குத்தி, காணியின் மூலையில் வைத்துக் கற்பூரம் கொளுத்தினார். டிராக்டரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்ற ரூடி சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் தொப்பியைக் கழற்றினான். "இவர் மழையைக் கொண்டுவாறவரோ, நிப்பாட்டுறவரோ?" என்று கேட்டான். "எங்களுக்கு இப்ப ரண்டும் வேணும்."

தகரம்

யார் புண்ணியமோ, மூன்றாம் முறை விதைத்ததும் வானத்துக்குப் புத்தி வந்தது. இரவில் தூறல், பகலில் வெயில். புரட்டாதியில் துண்டு முழுக்கப் பச்சைப் புள்ளிகள். அண்ணை குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். மூன்றாம் நாள் விடிய மான்களும் குடும்பத்தோடு வந்து குந்தாமலே தடவிப் பார்த்தன.

அதற்குப் பிறகு தினமும் விடிய, பால் கறக்கும் நேரத்தில், காணிப் பக்கமிருந்து டமார் டமார் என்று சத்தம். போய்ப் பார்த்தால் அண்ணை பழைய பெயின்ட் தகரம் ஒன்றைத் தடியால் அடித்துக்கொண்டு, ஊரில் பன்றிக்குப் போடுகிற கூக்குரலோடு வரம்பில் ஓடுகிறார். மான்கள் வாலின் வெள்ளையைக் காட்டிக்கொண்டு காட்டுக்குள் பாய்கின்றன. இது மான் தின்பதற்காகவே விதைத்தது, மானைத் துரத்தினால் நாங்கள் எதற்கு என்று கேட்டேன். வாழ்க்கை முழுக்கக் காவல் கொட்டிலில் இருந்து கச்சானைக் காத்த மனிதன் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "மாஸ்டர், டொக்டர் வந்து பாக்கப்போறது மானையோ, பச்சையையோ? முளையிலை தின்னவிட்டால் பச்சைக்கு நான் எங்கை போறது? வளரட்டும். பிறகு வந்து ஆறுதலாய்த் தின்னட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மான்கள்

அண்ணையின் நியாயம் நியாயம்தான். ஆகவே நானும் ஒரு தகரம் தேடிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தட்டச்சு இயந்திரம் தவிர வேறொன்றைத் தட்டினேன். பயிர் முழங்கால் அளவுக்கு வந்தது. அப்போது பக்கத்து வீட்டு அம்மா, தேவாலயத்துக்குப் போகிற உடுப்போடு, கைப்பையும் தானுமாகக் காணிக்கு ஏறி வந்தார். நாங்கள் மானைத் துரத்துவதைப் பற்றி அவருக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. தகரத்தைப் பற்றியும் இல்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதுதான் முறைப்பாடு. அந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை வெளியில் உடுப்புக் காயப்போட்டாலே அயல் முழுக்கக் கதைக்கும்.

அன்றிலிருந்து ஞாயிறு தகரத்துக்கு விடுமுறை. அதை முதலில் விளங்கிக்கொண்டவை மான்கள். கிழமை நாட்களில் ஒரு வால் தெரியாது, ஞாயிறு விடிந்தால் வரிசையில் நிற்கும். வேட்டைக்காரர்களும் ஞாயிறு துவக்கைத் தொடக்கூடாது என்று சட்டம். ஆக எல்லோருக்கும் வசதியான நாள். இவ்வளவு சட்டம் தெரிந்த மானுக்கு முதலில் விசா கொடுக்கலாம் என்று நான் புகைந்துகொண்டு நின்றேன். அந்த அம்மா போகும்போது திரும்பி நின்று எங்களைத் தேற்றுவதுபோல் சொன்னார்: "திங்கள் விடிய அடியுங்கோ. திங்கள் எவ்வளவும் அடிக்கலாம்."

பரணில் கழிந்த சனிக்கிழமை

டொக்டர் வந்தது கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. ஞாயிறு வந்திருந்தால் கண் நிறைய மான் பார்த்திருப்பார். இருட்டோடு வந்து, நண்பர்கள் இருவரோடு பரணில் ஏறி, தூரக்கண்ணாடியும் ஃபிளாஸ்க்குமாக உட்கார்ந்தார். அன்று நாங்கள் தகரத்தைத் தொடவில்லை. தொடத் தேவையும் இருக்கவில்லை. விடிந்தது. பனிமூட்டம் விலகியது. துண்டு முழுக்க இடுப்பளவு இலை, கண்ணுக்குக் குளிர்ச்சியான பச்சை. அதில் ஒரு முயல்கூட இல்லை. அண்ணை கொட்டில் வாசலில் நின்று முருகா முருகா என்று முணுமுணுத்தார். அவர் கேட்டது மான் வரவேண்டும் என்றா, வரக்கூடாது என்றா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மத்தியானம் மூவரும் விறைத்த காலோடு இறங்கினார்கள். அதே நேரம் டொக்டரின் மனைவி காரில் வந்து சேர்ந்தார். ஊரின் மறுகரையில் இருக்கும் அவர்களுடைய வீட்டுத் தோட்டத்தில் மான்கள் புகுந்து ரோசாச் செடிகளைத் தண்டு வரை தின்றுவிட்டனவாம், இது இந்த மாதத்தில் முதல் தடவையும் இல்லையாம். டொக்டரின் முகம் தொப்பியை விடப் பச்சையாக மாறியது. ஆனால் பேச்சு என்றால் பேச்சுத்தானே, துண்டு பச்சையாக இருக்கிறது. பயிரை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார், ஒரு இலையைப் பிய்த்து மணந்தார். பிழை யாருடையது என்று கடைசியில் கண்டுபிடித்தும் விட்டார். "விதை நல்லது, மண் நல்லது. இந்தப் பக்கத்து மானுக்குத்தான் ருசி தெரியேல்லை." வாற சனி வருவதாக இருந்த வேட்டையைக் காட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டு, துண்டை என்னவும் செய்துகொள் என்று ரூடியிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ரூடி கேட்ட சாமான்

என்னவும் செய்துகொள் என்ற சொல்லில் எங்கள் வேலையும் போய்விட்டது என்றே நினைத்தோம். மான் இல்லாத துண்டுக்கு வேலைக்காரன் எதற்கு? அண்ணை பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தார். மனைவிக்கு என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டார். அடுத்த நாள் விடிய, ரேடியோ சொல்லாமல் பரோமீட்டர் சொல்லாமல், முதற்பனி கொட்டிக் கிடந்தது.

ரூடி எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு அரிவாளைத் தந்தான். ஆடி மழையில் புல்லெல்லாம் நாறிப்போன அவனுக்கு, மாடுகளின் தீனிக்கு வழியில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பனியைத் தட்டிவிட்டுக் கோவாவை வெட்டினோம். மாடுகள் வாயை எடுக்கவில்லை. அந்தச் சரிவில் பனிக்குள் டிராக்டர் ஏறாது, அறுக்கக் கைதான் வேண்டும், தை வரைக்கும் வேண்டும். அண்ணை பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். பிறகு கொட்டிலின் மூலைக்குப் போய்த் திரும்பிக்கொண்டு நின்றார். அழுதார் என்றே நினைக்கிறேன்.

அன்று பின்னேரம் பால் கறந்துகொண்டிருந்த ரூடி, மாட்டின் வயிற்றில் தலையைச் சாய்த்தபடி, தகரம் இரண்டும் எங்கே என்று கேட்டான். தினமும் விடிய அவன் பால் கறந்தது காணியின் காதுக்கெட்டிய தூரத்தில் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. அண்ணை மெதுவாகக் கதவுக்குப் பின்னால் கையைக் காட்டினார். ரூடி திரும்பிப் பார்க்காமல் கறந்துகொண்டே சொன்னான்: "நனையாத இடத்திலை வையுங்கோ. வாற வருசமும் டொக்டருக்கு விதைப்பம்."

மானுக்கு உணவு போடுகிற இந்தத் தொழிலில் எங்கள் கையால் பட்டினியில்லாமல் குளிர்காலத்தைக் கடந்தவை ரூடியின் மாடுகளும் அண்ணையின் வீட்டு அடுப்பும் மட்டும்தான்; மான்கள் தங்கள் பாட்டை ஒரு பல் டொக்டரின் ரோசாத் தோட்டத்தில் தாங்களே பார்த்துக்கொண்டன.