நிற்கும் காரின் விலை

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஒரு ஜோடிக்கு அடக்க விலை போடுவதுதான் என் வேலை. அன்றைக்கு கட்டிங் மேஜைப் பக்கம் போனேன். வெட்டியது போக மிஞ்சிய தோல் துண்டுகள் தரையில் கிடந்தன. யார் காலுக்கும் போகாத துண்டுகள், ஆனாலும் அவற்றின் விலை ஷூவின் தலையில்தான் விழும். சட்டென்று அப்பா வாங்கப்போகும் கார் ஞாபகம் வந்தது. அது வாசலில் சும்மா நிற்கும் நாளெல்லாம்கூட இந்தத் துண்டுகள்தானே?

அப்பா வாத்தியார், பள்ளிக்கூடம் தெருமுனையிலேயே. அம்மா வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், ரயிலில் போய்வருகிறார். நைட் டூட்டி முடிந்து வருபவர் ஸ்டேஷனில் ஆட்டோவுக்குக் காத்து நிற்கக் கூடாது என்றுதான் கார். திங்கட்கிழமை அட்வான்ஸ் கட்டுவதாக ஏற்பாடு.

ஞாயிறு சர்ச் முடிந்து பிரியாணி சாப்பிடும்போது ஆரம்பித்தேன். கார் விலை, கடன் வட்டி, இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ் எல்லாம் கூட்டி, ஓடப்போகும் கிலோமீட்டரால் வகுத்து, டாக்சி வாடகையைவிட ஜாஸ்தி என்று சொன்னேன்.

"கார் இன்னா ஷூவாடா, ஜோடி இவ்ளோன்னு சொல்ல?" என்றார் அப்பா.

"பெட்ரோல் கம்மிதாம்பா. நிக்கறதுக்குத்தான் ஜாஸ்தி."

அம்மா எலும்பை ஓரமாக வைத்தார். "வெட்டுன துண்டக்கூட உங்க கம்பெனி விக்குதுல்ல? பழைய கார நீ மட்டும் குப்பையில போடுவியா?"

மாட்டிக்கொண்டேன். துண்டு விற்ற பணம் எங்கள் செக்‌ஷன் கணக்கில் வராது. அந்தப் பழக்கத்தில் காரைக் கடைசியில் விற்றால் வரும் பணத்தையும் விட்டுவிட்டேன். அதைக் கழித்து மறுபடி போட்டேன். அப்போதும் டாக்சிதான் மலிவு.

"அப்போ இவ ஸ்டேஷன்லயே நிக்கட்டும்ங்கற?" அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

ஒரு மாசம் டாக்சி வைத்துப் பார்ப்போம் என்றேன்.

திங்கட்கிழமை ஷோரூமுக்கு என்னையும் கூட்டிப்போனார். "கிலோமீட்டருக்கு எவ்ளோ ஆகும்?" என்று கேட்டார். விற்பனைக்காரர் மைலேஜ் சொன்னார்.

"அது பெட்ரோல் தம்பி. நான் கேட்டது மொத்தம். நிக்கறதும் சேத்து."

என் வார்த்தை, அப்பா வாயில். எனக்குக் காலே தரையில் இல்லை. அவர் அட்வான்ஸ் கட்டவில்லை. மறுநாள் ஸ்டாஃப் ரூமில் என் கணக்கைத்தான் பேசினாராம், அம்மா சொன்னார்.

எங்கள் தெரு டாக்சிக்காரரிடம் மாசத்துக்குப் பேசியாகிவிட்டது. நாளைக் காலை அம்மா ரயிலைவிட்டு இறங்கும்போது வண்டி நிற்க வேண்டும். நானும் ஸ்டேஷனில் இருப்பேன். இந்த மாசத்தில் அம்மா காத்து நிற்கும்படி ஆனால், அப்பாவை ஷோரூமுக்கு நானே கூட்டிப்போவேன்.