திறக்காமல் விட்ட இரண்டு நாட்கள்

"ஜூலை 18, வியாழன். காலை 7.40. கோலில் 11 செ.மீ. மழை. வண்டி வரவில்லை."

2024ஆம் ஆண்டு நாட்குறிப்பில் நான் எழுதிய வரி இது. கோல் என்றால் திரவ நைட்ரஜனை அளக்கும் மரக்கோல். நீலகிரியில் இத்தலார்ப் பக்கம் ஒரு பால் சங்கத்தில் பதிவேடு எழுதுகிறேன். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதற்கான உறைவிந்துக் குச்சிகள் அங்கே முழங்கால் உயர அலுமினியக் கேன் ஒன்றில், மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனுக்குள் மூழ்கிக் கிடக்கும். கோலை உள்ளே விட்டு எடுத்துக் காற்றில் ஆட்டினால் அதில் வெண்பனி படியும். பனி எந்த உயரமோ, நைட்ரஜனும் அந்த உயரம். எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அந்தப் பனி இன்னும் எனக்குப் பழகவில்லை.

நைட்ரஜன் கோவையிலிருந்து வரவேண்டும். அந்த வாரம் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி கீழேயே நின்றுவிட்டது. ஐந்து செ.மீ.க்குக் கீழே இறங்கினால் குச்சிகளை நம்புவதில்லை என்பது எங்கள் சங்கத்து வழக்கம்.

அந்தக் குச்சிகளில் ஒன்று, பெரும்பாலும் கிடேரிக் கன்றே பிறக்கும்படி பிரித்தெடுத்த வகை. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் மாட்டுக்காக ஒதுக்கியிருந்தோம். அவரிடம் இருந்தது அந்த ஒரு மாடுதான். இரண்டு முறை சினை நிற்கவில்லை. இதுவும் தவறினால் விற்றுவிடுவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. திங்கட்கிழமை வாக்கில் மாடு பருவத்துக்கு வரும். பால் ஊற்ற வரும்போதெல்லாம் கேனைப் பார்த்துக் கேட்பார்: "ஏனுங்க, எங்க கன்னு அதுக்குள்ள பத்திரமா இருக்குதுங்களா?"

அந்தக் கேள்விக்காகவே நாளைக்கு மூன்று முறை அளந்து எழுதினேன். வெள்ளி காலை 9 செ.மீ. சனி காலை 7 செ.மீ. வழக்கமாக இரண்டு நாளில் ஒரு செ.மீ.கூடக் குறையாது.

அப்போது நான் படித்துக்கொண்டிருந்தது, தொலைதூரக் கோள்களுக்குச் செல்லும் விண்கலங்களில் குளிர் எரிபொருளைச் சேமித்து வைப்பது பற்றி. திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. ஆவியாகிப் போகாமல் அதை மாதக்கணக்கில், பயணத்தைப் பொறுத்து ஆண்டுக்கணக்கில், காக்க வேண்டும். தொட்டியைச் சுற்றி அடுக்கடுக்காகப் பளபளக்கும் மெல்லிய தாள்கள். வெயில் படாமல் ஒரு மறைப்பு. எங்கள் கேனின் இரண்டு சுவர்களுக்கு நடுவிலும் வெற்றிடமும் அதே மாதிரித் தாள்களும்தான். ஈரத் தரையில், பால் கேன்களுக்குப் பக்கத்தில் அது நிற்பதைப் பார்த்து வெகுநேரம் நின்றேன். எடையற்ற வெளியில் திரவத்துக்கு மேல்மட்டம் என்று ஒன்று கிடையாது. சுவரில் ஒட்டிக் கிடக்கும், உருண்டு மிதக்கும். அங்கே கோல் விட்டு அளக்க முடியாது. குறைந்ததை ஊற்றி நிரப்பவும் ஆளில்லை.

சனிக்கிழமை இதைச் சினை ஊசி போடுபவரிடம் சொன்னேன். என்னைவிட மூத்தவர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அவங்களுக்குத் தொறந்து பாக்க வழியில்லீங்க, தப்பிச்சாங்க. நீங்க சோறு வெந்துதான்னு பாக்கறாப்புல நாளைக்கு மூணு தடவ தொறக்கறீங்க. குளிரு போறதே அந்த வாய் வழியாத்தானுங்க."

எனக்கு உறைத்தது. அறைச் சூட்டிலிருந்த கோலை உள்ளே விடும்போதெல்லாம் கொதிக்கும் சத்தம் கேட்கும். அதையும் நேரத்தோடு குறித்து வைத்திருக்கிறேன். அவர் மூடியின் மேல் துணி சுற்றிச் சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு என் குறிப்பில் அளவே இல்லை. ஞாயிறு: "திறக்கவில்லை." ஒருமுறை கேனைத் தூக்கிப் பார்த்தேன், கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண் வந்து கேட்டபோது, தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அவர் மூடியின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே சற்று நின்றுவிட்டுப் போனார்.

திங்கள் காலை ஆறு மணிக்கு மாடு பருவத்துக்கு வந்து கத்துவதாகச் சொல்ல அந்தப் பெண் ஓடிவந்தார். ஊசி போடுபவர் வந்து முடிச்சை அவிழ்த்தார். வெண்ணிற ஆவி கேனின் தோளில் வழிந்து தரையில் ஊர்ந்தது. குச்சியை இடுக்கியால் எடுத்து வெதுவெதுப்பான நீரில் விட்டதும் அவர் கேனை மூடிவிட்டார். கோலை நான் கையில் பிடித்தபடியே நின்றேன்.

மதியம் வண்டி வந்தது. வந்தவர்கள் நான் அளக்கும் முன்பே கேனை நிரப்பிவிட்டார்கள்.

2025 ஏப்ரல் 27, ஞாயிறு: கிடேரிக் கன்று. நெற்றியில் வெள்ளை. இதை நேரில் பார்த்து எழுதினேன்.

ஜூலை 22 காலை கேனில் எத்தனை செ.மீ. இருந்தது என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. முதல் மூன்று நாள் இழப்புக்குக் காரணம் என் கோலா, வெற்றிடம் கசிந்த கேனின் பழைய சுவரா என்பதும் இதுவரை சரிபார்க்கப்படவில்லை.