முனிராஜ் பூஜ்யமாக்க மறுத்த பத்து நிமிடம்

"முனிராஜ் போயிட்டாருப்பா. மாரடைப்பாம்." செக்யூரிட்டி போனில் சொன்னபோது கம்பெனி பஸ் போச்சம்பள்ளியைத் தாண்டிக்கொண்டிருந்தது. "எந்த முனிராஜ்?" என்று கேட்டேன். ஓசூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு முனிராஜ். வேறு யாராவதாக இருக்கட்டும் என்ற பாழாய்ப்போன ஆசை.

ஒன்பது வருடம் ஒரே மேசையில் வருகைப்பதிவுக் கணினியைப் பார்த்தோம். இந்த அஞ்சலியைப் படிக்கும் நம் ஆலைக்காரர்களில் பலர், கார்டு பஞ்ச் விழவில்லை என்று அவரிடம் வந்து நின்றிருப்பீர்கள். திட்டிக்கொண்டே சரிசெய்வார். "மிஷினு பொய் சொல்லாதுய்யா, நாமதான் கேள்விய ஒழுங்கா கேக்கணும்" என்பார். கன்னடத்தில் திட்டினால் கோபம், தமிழில் திட்டினால் செல்லம்.

பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளி வேடியப்பனுக்கு மூன்று விரல்கள் போயின. "ஷிப்டு தொடங்கி இரண்டு மணி நேரம்தான், களைப்பு ஏது? கவனக்குறைவு" என்றது நிர்வாகம். கணினியும் அப்படித்தான் காட்டியது. நம் கேட் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? அடுத்த ஷிப்டுக்கும் நிறுத்தப்படுகிறவர் வெளியே போவதாக ஒரு பஞ்ச் வைத்து, இரண்டு நிமிடத்தில் உள்ளே வருவதாக இன்னொன்று வைக்க வேண்டும். ஒரே வேலை கணினியில் இரண்டு வரியாகிவிடும்.

முனிராஜ் ஒரு எஸ்க்யூஎல் குவெரி, அதாவது கணினியிடம் கேட்கும் கேள்வி, எழுதினார். ஒவ்வொருவரின் வரிகளையும் நேர வரிசையில் அடுக்கி, முந்தையது முடிந்த நேரத்தை அடுத்தது தொடங்கிய நேரத்தோடு அது ஒப்பிடும். இடைவெளி பத்து நிமிடத்துக்குள் என்றால் இரண்டும் ஒரே தொடர். பிறகு மொத்தமாகக் கூட்டும். எட்டு, எட்டு, இரண்டு மணி நேரம் என்றிருந்த வேடியப்பனின் மூன்று வரிகள் ஒன்றாயின. தொடர்ந்து பதினெட்டு மணி நேரம்!

வரிகள் மறுபடி தனித்தனியாகும்படி அந்தப் பத்தைப் பூஜ்யமாக்கச் சொன்னார் மேலாளர். "ரெண்டு நிமிஷத்துல எவன் சார் ஊட்டுக்குப் போயி தூங்கி எழுந்து வருவான்?" என்றார் முனிராஜ். மறுவாரமே அவரை ஜூஜுவாடி கிடங்குக்குத் தூக்கியடித்தார்கள். பூஜ்யம் போட்டு அறிக்கையில் கையெழுத்திட்டவன் நான். வேலை போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

முனிராஜின் ஊரான கெலவரப்பள்ளியில் பிணம் எடுப்புக்கு வேடியப்பனும் வந்திருந்தார், கையைத் துண்டால் மூடிக்கொண்டு. "அண்ணன் எடுத்ததா சொன்ன அந்தப் பேப்பரு உங்ககிட்ட இருக்குதுங்களா சார்? வர்ற வாரம் விசாரணை" என்றார். "இல்லப்பா" என்றேன். பிணத்தை வைத்துக்கொண்டு பொய் சொன்னேன். த்தூ, நானும் ஒரு மனிதன்.

கிடங்குக்குப் போகிற அன்று முனிராஜ் அந்தக் குவெரியையும் அதன் விடையையும் அச்செடுத்து என் டிராயரில் போட்டார். "வெச்சிருப்பா, தேவப்படும்" என்றார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு தாள்தான். இந்த அஞ்சலியை வேடியப்பனும் படிப்பார். அந்தத் தாள் என்னிடம் இல்லை என்று இனி நான் சொல்ல முடியாது.