நாற்காலியின் இரண்டாவது நிறம்

போன மாதம் ஒரு நாற்காலி பரீட்சையில் தோற்றுப்போனது.

நாற்காலிக்கும் பரீட்சையா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். பத்திரப்பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், பதிகங்களையும் அவற்றின் உரைகளையும் தவிர வேறொன்றையும் ஊன்றிப் படிக்காதவன் நான். அப்படிப்பட்டவன் ஐரோப்பாவுக்குள் மரச்சாமான் நுழைவதற்கான விதிகளை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன் என்றால்... காரணம் இல்லாமலா?

பாறசாலையில், எங்கள் தெருமுனையில், ஸ்ரீகண்டனின் மரப்பட்டறை இருக்கிறது. சின்னக் குழந்தைகள் உட்கார்ந்து சாப்பிடும் உயரமான நாற்காலிகள் அவருடைய தனிச்சரக்கு. நெதர்லாந்து வியாபாரி ஒருவர் மாதிரிக்கு ஒன்று கேட்டிருந்தார். அங்குள்ள பரிசோதனைக்கூடத்தில் அது தேறினால் ஒரு கன்டெய்னர் நிறைய ஆர்டர். தேறாவிட்டால் வியட்நாமில் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

தேறவில்லை. பூச்சில் ஈயம் இருக்கிறது என்று அறிக்கை வந்தது.

அந்தப் பட்டறையில் பூச்சு என்றால் ஜெஸ்ஸி. காஞ்சிரங்குளத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, ஐந்து பெண்களை வைத்துக்கொண்டு, பல ஆண்டுகளாகப் பாலிஷ் பகுதியை நடத்துகிறவர். நான் உள்ளே போன நேரம், இருவரும் நேருக்கு நேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

“இனி பாலிஷ் வேலையை வெளிய குடுக்கப்போறேன் ஜெஸ்ஸி. கொச்சியில மெஷின் வச்சு அடிக்கிறவங்க உண்டு.”

“குடுங்க. அதுக்கு முன்ன ஈயம் எங்கேருந்து வந்துன்னு சொல்லணும். நான் அடிக்கது ஈயமில்லாத தண்ணிப் பாலிஷாக்கும். டின்னு அன்னா இருக்கு. சர்டிபிகேட்டும் உண்டு.”

“அப்ப அவங்க பொய் சொல்லுதாங்களா?”

“அவங்களும் பொய் சொல்லல்ல, நானும் சொல்லல்ல. நடுவில என்னமோ ஒண்ணு உண்டு. அதைப் பாக்காம என்னையும் இந்தப் பிள்ளையளையும் வீட்டுக்கு அனுப்பினா சரியா மொதலாளி?”

ஸ்ரீகண்டன் அறிக்கையை என் பக்கம் நீட்டினார். “சாரே, நீங்க பத்திரம் வாசிச்ச ஆளுல்லா... கொஞ்சம் பாருங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கேன்.”

நாற்பது பக்கம். கூடவே விதிமுறைத் தாள்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

வாசகர்களே, சலிப்பாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை! நாற்காலியைச் சரிவில் நிறுத்திச் சாய்த்துப் பார்க்கிறார்கள். குழந்தையின் விரல் எந்த இடுக்கில் மாட்டும், தலை எந்தச் சந்தில் நுழையும் என்று அளவுகோல் வைத்துத் தேடுகிறார்கள். நாளைக்கு ஏதேனும் நேர்ந்தால் பதில் சொல்ல ஐரோப்பாவிலேயே பெயரும் முகவரியும் உள்ள ஒரு பொறுப்பாளர் வேண்டும். இவ்வளவும் யாருக்காக? இன்னும் பேசவே தொடங்காத ஒருவருக்காக.

எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. மரம் எங்கே நின்றது என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்கச் சொல்லும் சட்டம் இன்னும் முழுதாக நடப்புக்கு வரவில்லையாம். ஆனாலும் வாங்குகிறவர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நம்முடைய பதிகங்கள் இறைவனைப் பாடும்போது ஊரைச் சொல்லும், ஆற்றைச் சொல்லும், தல மரத்தையும் சொல்லும். மரம் நின்ற மண்ணைக் கேட்பது பக்தர்களின் வழக்கம் மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன்... சுங்க அதிகாரியும் கேட்பாராம்.

ஸ்ரீகண்டன் முதலில் ‘கள்ளிக்காடு, கிழக்கே விளை வீட்டு ஆஞ்சிலி’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார். இங்கே அது போதும். மரத்தை வீட்டுப்பெயரால்தானே அறிகிறோம்? அங்கே போதவில்லை. நேரில் போய், வெட்டிய அடிக்குற்றியின் மேல் ஏறி நின்று, போனில் இடத்தைக் குறித்து அனுப்பினாராம். வீட்டுக்காரர் ஓடிவந்து, “எலே, இனி குற்றியையும் கொண்டுபோகப் போறியா?” என்றாராம்.

வியாழக்கிழமை மாலை முப்பத்தோராம் பக்கத்துக்கு வந்தேன். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சுரண்டிச் சோதிப்பது அவர்கள் முறை. ‘முதல் பூச்சு: நிறமற்றது. ஈயம் இல்லை. இரண்டாவது பூச்சு: சிவப்பு. ஈயம் உண்டு.’ அருகில் ஒரு படம். இருக்கையின் அடிப்புறம். பெருவிரல் அளவில் ஒரு சிவப்பு வட்டம்.

படத்தைப் பார்த்தேன். பிறகு என் பெருவிரலைப் பார்த்தேன்.

மாதிரி நாற்காலி புறப்பட்ட அன்று, பதிகம் பாடி வழியனுப்ப என்னைத்தான் அழைத்திருந்தார்கள். பாடினேன். சூடம் காட்டினேன். குங்குமம் வைக்கப் போனபோது ஜெஸ்ஸி, “முன்னால வேண்டாம் சாரே, பாலிஷ்ல கறை பிடிக்கும்” என்றார். நியாயம்தான். ஆனால் பொட்டில்லாமல் ஒரு பொருள் கடல் கடப்பதா? யாரும் பார்க்காத நேரத்தில் குனிந்து, பூச்சுப் படாத அடிப்பலகையில், நன்றாக அழுத்தியே வைத்துவிட்டேன். வெறும் மரம் அதைக் குடித்துவிட்டது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். பழியைச் சுமக்க ஒருவர் இருந்தார். அந்தக் குங்குமம் என்னுடையது என்று நெதர்லாந்துக்காரர் கண்டுபிடிக்கப் போவதில்லை. தினமும் என் குற்றங்களை இறைவனிடம் பட்டியலிட்டுப் பாடுகிறவன் நான். மனிதர்களிடம் ஒரே ஒரு குற்றத்தைச் சொல்வதற்குள் இரவெல்லாம் புரண்டேன் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பட்டறையில் முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்து வைத்துச் சொன்னேன். ஜெஸ்ஸி படத்தையே பார்த்தார்.

“வேண்டாம்னு சொன்ன உடனே விட்டுட்டீங்கன்னு நெனச்சேன் சாரே.”

“விடவில்லை, ஜெஸ்ஸி.”

ஸ்ரீகண்டனுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. “சாமி காரியத்துல எப்படி சாரே ஈயம் வரும்?”

“சாமி காரியத்துல வரல்ல மொதலாளி,” என்றார் ஜெஸ்ஸி. “கடைக் குங்குமப் பொடியில வந்ததாக்கும். அந்தப் பாக்கெட்டையும் டெஸ்டுக்கு விடுங்க. சாரை நம்பாம இல்ல... எனக்குப் பேப்பர் வேணும். வாய்ப்பேச்சுல போன பேரு வாய்ப்பேச்சுல திரும்பி வராது.”

நெய்யாற்றின்கரை சந்தையில் நான் வாங்கிய அந்தப் பாக்கெட் திருவனந்தபுரத்துக்குப் போனது. புதிய நாற்காலி ஒன்று நெதர்லாந்துக்குப் புறப்பட்டது. அன்றும் என்னை அழைத்தார்கள். கையில் எதுவும் இல்லாமல் போய் நின்றேன்.

“பாட்டு மட்டும் போதும் சாரே,” என்றார் ஜெஸ்ஸி. “பாட்டைச் சுரண்டிப் பாக்க முடியாதுல்லா.”

இந்த வாரம் இரண்டு தாள்களும் வந்துவிட்டன. நாற்காலி தேறியது. பொடியில் ஈயம். பாலிஷ் வேலை கொச்சிக்குப் போகவில்லை. ஜெஸ்ஸி இரண்டாவது தாளை லாமினேட் செய்து, பாலிஷ் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். போகும்போதும் வரும்போதும் அதன் முன்னால் ஒருகணம் நிற்கிறேன்.

தாள்கள் வந்த அன்று மாலை வீட்டுக்கு வந்தேன். பூஜை அலமாரியில் அதே கடையின் இன்னொரு குங்குமப் பாக்கெட். குளித்துவிட்டு வந்த என் இரண்டு வயதுப் பேத்தி, வழக்கம்போல் பொட்டுக்கு நெற்றியை நீட்டிக்கொண்டு நின்றாள்.

முகம் தெரியாத ஒரு குழந்தை நாற்காலியின் அடியை நக்கிவிடுமோ என்று அங்கே நாற்பது பக்கத்துக்குக் கவலைப்பட்டிருக்கிறார்கள். இந்த நெற்றிக்குப் பெயரும் முகவரியும் உள்ள பொறுப்பாளர் — நான்தான்.