என் குடல்வாலுக்காகப் பஸ்ஸைத் திருப்பியவர்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். தனராசு சார் இறந்த செய்தி காதில் விழுந்தபோது எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, ஏப்பம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வஞ்சிரக் குழம்பை மூன்றாம் முறையாக ஊற்றிக்கொண்டிருந்தேன். போனில் கண்டக்டர் செல்வம். "சார், நம்ம வாத்தியாரு செத்துட்டாரு சார். நெஞ்சு வலியாம்." அந்த நேரம் பார்த்துத்தான் அது வந்து தொலைத்தது. செல்வத்துக்கும் கேட்டிருக்கும். சார் இருந்திருந்தால், "இரைப்பையோட மேல்வாசல் சரியா மூடல மச்சான்" என்று காரணம் சொல்லியிருப்பார். வெள்ளிக்கிழமை மாலை என் தோளைத் தட்டிவிட்டுப் போன மனிதர். பிசைந்த சோறு கையில் காய்ந்துபோகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாருக்குச் சிதம்பரத்தில் வீடு. மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். எனக்கும் சிதம்பரம்தான், மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்புகளை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குத் தள்ளும் உத்தியோகம். 2004-இல் காலை பஸ்ஸில் பழக்கமானோம். என் மனைவியும் அவரைப் போலவே குமராட்சிக்காரி என்று தெரிந்ததும், "அப்ப எந்தங்கச்சி. நீ எனக்கு மச்சான்" என்று உறவை அங்கேயே முடித்துவிட்டார். அதுவரை 'நீங்க', அன்றிலிருந்து 'யோவ்'.

பஸ்ஸில் மற்றவர்கள் அரசியல் பேசுவார்கள். சார் குடல் பேசுவார்.

"சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுதான்யா வாய். ஏறும்போது நெருக்கி அரைக்கிறானுவ பாரு, அது பல்லு. செல்வத்தோட எச்சிலு பட்டதும் மாவுச்சத்து ஒடைய ஆரம்பிச்சிரும்."

"நான் எங்க சார் துப்புனேன்?" என்றார் செல்வம்.

"டிக்கெட்டு கிழிக்க வெரல்ல தொட்டியே, அது என்னவாம்?"

முட்லூர் இரைப்பை. அங்கே வண்டி நின்று குலுங்கும். அமிலம் ஊறும், புரதம் கரையும். செல்வம் விசில் அடித்தால்தான் கீழ்வாசல் திறக்கும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஆலப்பாக்கத்தில் கிளைச் சாலையிலிருந்து வந்து ஏறுகிறவர்கள் கல்லீரலின் பித்தநீரும் கணைய நீரும். அதற்கப்புறம் சிறுகுடல். "ஊருக்கு ஊரு நின்னு ஆள எறக்குது பாரு. ஒடம்புக்கு வேண்டியதெல்லாம் இங்கதான் எறங்கி ரத்தத்துல சேருது." கடலூர் ஓ.டி. பெருங்குடல், மிச்சமிருக்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும்.

"அப்ப மஞ்சக்குப்பம் என்ன சார்?"

"ஒங்க ஆபீஸ் எங்கய்யா இருக்கு?"

பஸ்ஸே சிரித்தது. "ஒங்க ஸ்கூலும் அங்கதான சார்?" என்றேன், விடாமல்.

"நான் ஒரு ஸ்டாப்பிங் முன்னாடியே எறங்கிருவேன்."

மூலை சீட்டில் வாயைப் பிளந்து தூங்கும் எனக்கு அவர் தந்த பட்டம் 'குடல்வால்'. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் மூலையில் சும்மா தொங்கும், சொல்லிக்கொள்கிற வேலை கிடையாது, கோபம் வந்தால் மட்டும் ஊரைக் கூட்டும் என்பார்.

2006-இல் கூட்டியது. முந்தைய நாள் நெல்லிக்குப்பத்தில் ஒரு புதுமனை விருந்து. அங்கே மொச்சைக் குழம்பிடம் நான் காட்டிய வீரத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை. மறுநாள் காலை ஆலப்பாக்கம் தாண்டியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டேன். சார் என்னைக் கடைசி சீட்டில் படுக்கவைத்து, சட்டையைத் தூக்கி, வலப்பக்கம் அடிவயிற்றில் அமுக்கினார்.

"அமுக்கும்போது வலிக்குதா, கைய எடுக்கும்போது வலிக்குதா?"

"ரெண்டுத்துலயும் சார்."

"எடுக்கும்போது?"

"உயிரு போவுது சார்!"

அவர் முகம் மாறிவிட்டது. "செல்வம், எங்கயும் நிறுத்தாத. வண்டிய நேரா ஆஸ்பத்திரிக்கு வுடச் சொல்லு. வெடிச்சா ஆளு காலி."

"எனக்கு இன்னிக்குக் கோர்ட்டுல வாய்தா சார்" என்று ஒருவர் எழுந்தார்.

"வாய்தாவத் தள்ளிப் போடலாம்யா. இதத் தள்ளிப் போட முடியாது. உக்காரு!"

அரசாங்கப் பஸ் ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. அன்றைக்கே ஆபரேஷன். டாக்டர் வெளியே வந்து பேசியது சாரிடம்தான். நான் கண் விழித்தபோது அவர் கால்மாட்டில் நின்றிருந்தார், வெளுத்துப்போய்.

"முடிஞ்சுதா சார்?"

"எடுத்துட்டாங்கய்யா." அவ்வளவுதான். கேலி இல்லை, விளக்கம் இல்லை.

அந்தத் தழும்பை நான் காட்டாத ஆளில்லை. கல்யாண வீடுகளில்கூடச் சட்டையைத் தூக்கியிருக்கிறேன். பஸ்ஸில் புதிதாக யார் ஏறினாலும், "இந்தா இருக்காரே, எனக்கு உயிர் குடுத்த சாமி" என்று ஆரம்பிப்பேன். "வுடுய்யா, பழைய கத" என்று சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அடக்கம் என்று நினைத்தேன். என்னைக் குடல்வால் என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். இல்லாத உறுப்பின் பெயரால் எப்படி அழைப்பார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதன்பிறகு அவர் யார் வயிற்றிலும் கை வைத்து நான் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவருக்கு நெஞ்சில் எரிச்சல், உடம்பெல்லாம் வியர்வை. அவர் மனைவி கமலா அக்கா ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறார். "வாய்வுதான், ஊரக் கூட்டாத" என்று தடுத்து, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்னால் இறங்குகிறது, அதனால் நெஞ்செரிச்சலையும் மாரடைப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர். அவருக்கா தெரியாது? மூன்று நாளாக இதே கேள்விதான் என்னைக் குடைந்தது.

திங்கட்கிழமை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் செல்வம் டிக்கெட் கிழிக்க விரலை நாக்கில் வைத்தார். சாரின் இருக்கையைப் பார்த்தார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். போய் வாருங்கள் சார். இனி அந்தப் பஸ்ஸில் எங்களை யார் அரைப்பது?

நேற்று பால் தெளிப்பு முடிந்தபின் கமலா அக்காவிடம் கேட்டே விட்டேன். "எனக்காக ஒரு பஸ்ஸையே திருப்புனவரு, தனக்காக ஒரு ஆட்டோ வேணாம்னுட்டாரே, ஏங்க்கா?"

அக்கா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார்.

"ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு தம்பி. அன்னிக்கி ஒங்க வயித்துலேர்ந்து எடுத்தாங்களே, அது நல்லாத்தான் இருந்துதாம். ஒங்களுக்கு வந்தது வெறும் வாய்வுதான்னு டாக்டர் சொன்னாராம்."